எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்

முன் சீட்டில் உட்கார்ந்து நான் பேசப் பேச, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ‘ம்’ கொட்டிக்கொண்டே கார் ஓட்டிய என் அருமை மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு,

நீர் சுகமா என்று கேட்கக் கூடாதுதான். ஆனாலும் பேனாவை எடுத்தால் கை அதைத்தான் முதலில் எழுதப் பார்க்கிறது. உம் மகள் செல்வி விருதுநகரில் மாமியார் வீட்டில் நன்றாக இருக்கிறாள். என் தங்கை கோமதி இருக்கிறாள். நான் இருக்கிறேன். வேறு எப்படிச் சொல்வது மாப்ளே?

நம் கார் ஸ்டாண்டுக்காரர்கள் ஆயுத பூஜைக்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். “அண்ணாச்சி, ஒங்க மாப்பிள்ளையப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க” என்று வந்து நின்றார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீர்? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்றாலும் என் எழுத்து சாமானிய எழுத்து இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் என் கட்டுரை நோட்டைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டுபோனார். இதை உம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீர் ஒருமுறைகூட நம்பவில்லை. அது வேறு விஷயம்.

நம்பாவிட்டாலும் கேட்பீரே, அதுதான் பெரிசு. குற்றாலத்துக்குப் போகிற பாசஞ்சர்களிடம் நான் மலைப்பாம்புக் கதை சொல்வேன். அவர்கள் இறங்கிப் போனதும் நீர் மெதுவாகக் கேட்பீர்.

“மச்சான், அந்தப் பாம்பு எத்தன அடி?”

“பதினெட்டு.”

“ம்.”

“பன்னெண்டு இருக்கும்.”

“ம்.”

“ஆறு வே, ஆறு.”

“அது சாரப் பாம்புதான வே” என்று சொல்லிவிட்டுக் கியரைப் போடுவீர். உம் முகத்தில் சிரிப்பு தெரியாது. காதோரம் மட்டும் கொஞ்சம் அசையும். அதைப் பார்க்கத்தானே நான் பதினெட்டில் ஆரம்பிப்பது. இப்போது பதினெட்டு அடிப் பாம்பு பதினெட்டு அடியாகவே கிடக்கிறது. குறைக்க ஆள் இல்லை.

நீர் கண்ணை மூடிய பிறகு ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். இந்த ஜில்லாவில் என்னைப் போல அம்பாசிடர் ஓட்ட ஆள் கிடையாது என்பது உமக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளும். பாசஞ்சர்கள் எத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்தாலும் என் இடது பக்கத்துச் சீட்டில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தேன். அது நான் உட்கார்ந்த இடம். அதில் இன்னொருவர் உட்கார்ந்து பேசினால் நான் உம்மைப் போல ‘ம்’ சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு வராது.

ஒரு விஷயம் உம்மிடம் மட்டும் சொல்லுகிறேன். ஸ்டாண்டுக்காரர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும். எனக்குப் பெண் கொடுக்க ஏழு ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள் என்று சொல்லித் திரிந்தேன் அல்லவா? ஒருத்தரும் நிற்கவில்லை. எனக்கு வீடு என்றால் ராத்திரி பாய் விரிக்கிற இடம். மற்ற நேரமெல்லாம் உம் கார்தான். அதை விட்டால் நான் எங்கே போய் உட்கார்வேன்?

அதற்குத்தான் வந்தது சோதனை. ரத வீதித் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் கார் கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை, கோயில் யானை மிரண்டு திரும்பிப் பார்த்தது என்றால் பார்த்துக்கொள்ளும். சரி, யானை பார்க்கவில்லை. ஆனால் கோமதிக்குக் கேட்டது. தெருமுனையில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் வாசலில் நின்றவள் உள்ளே போய்விடுவாள். பிரேக் ஷூவின் மேல் பதிக்கிற லைனிங் பட்டை தேய்ந்து, அதைப் பிடிக்கிற ரிவெட் தலை வெளியே வந்து, சக்கரத்து டிரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

குருவிகுளத்திலிருந்து உம் அண்ணாச்சி வந்தார். காரை விற்றுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நான் ஓட்டிச் சம்பாதிப்பது பெட்ரோலுக்கும் டயருக்குமே போய்விடுகிறது, ஒரு நாள் நான் எங்காவது கொண்டுபோய் முட்டிவிட்டால் கோமதிக்கு அதுவும் மிஞ்சாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கோமதி கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“அண்ணன் ஓட்டட்டும். பிரேக்கச் சரி பண்ணி ஓட்டட்டும். சரியா வரலன்னா குடுத்துருவோம்” என்றாள்.

பிரேக் போட்டு நின்றால் கார் எங்களுக்கு. நிற்காவிட்டால் ஊராருக்கு. அவ்வளவுதான் பேச்சு. லைனிங் வாங்கக் காசு கொடுத்ததும் அவள்தான். தறிக் கூடத்தில் நூல் தார் சுற்றிய கூலியை மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் நீர் வாங்குகிற அதே கடைக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கடை அடைக்கிற நேரம், அதனால் இருக்கலாம். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று கல் மாதிரி. விலை மட்டம். வருஷக்கணக்கில் தேயாது, ஆனால் டிரம்மைத் தின்றுவிடும், கத்தலும் குறையாது. ஒன்று கம்பெனி லைனிங். அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நடுவில் ஒன்று, பெயர் இல்லாத அட்டைப் பெட்டியில். கயிறு மாதிரி நெய்து, நடுவில் பித்தளை இழை ஓடுகிற லைனிங்.

நீர் செய்வது போலவே செய்தேன். நகத்தால் கீறினேன். மூக்கில் வைத்து மோந்தேன். காதோரம் வைத்துத் தட்டினேன். நீர் தட்டிவிட்டு எதைக் கேட்பீர் மாப்ளே? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ரொம்பத் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டு, நடுவில் கிடந்ததை எடுத்தேன். வலது இடது இரண்டு பக்கத்துக்கும் ஒரே செட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்று நீர் சொன்னது நல்லவேளை ஞாபகத்தில் இருந்தது. அங்கேயே ஷூவில் ரிவெட் அடித்து வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். விடிந்ததும் மாட்டலாம் என்று கோமதி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

அங்கேதான் நடந்தது கூத்து. இதை எழுதலாமா என்று கோமதியிடம் கேட்டேன். “எழுதுங்க, அவுக சிரிச்சுக்கிடட்டும்” என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் போனதும் சாக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு அது பிரேக்காகத் தெரியவில்லை, நெசவாகத் தெரிந்திருக்கிறது. ஊடும் பாவும் போட்டு நெய்த சாமான், ஆனால் வறண்டு கிடக்கிறது. பிறந்ததிலிருந்து பாவு ஓடுகிற தெருவில் வளர்ந்தவள். கஞ்சி போடும்போது எண்ணெய் காட்டாத பாவு தறியில் ஏறினால் இழை அறுந்துபோகும் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் ஓட்டுகிற வண்டி, பாதி வழியில் இழை அறுந்து போனால்? நல்லெண்ணெயை எடுத்து, பஞ்சில் தொட்டு, ஒவ்வொரு ஷூவுக்கும் உள்ளே இறங்கும்வரை தடவியிருக்கிறாள். பிறகு உம் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டு வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறாள்.

காலையில் போனேன். லைனிங் கறுத்துப் பளபளவென்று இருந்தது. “எண்ணெ காட்டி வச்சிருக்கேன் அண்ணே, இழ அறாது” என்றாள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்பீர். தோன்றியது. கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறோம், பிரேக் கத்தினாலும் எண்ணெய்தானே விட வேண்டும் என்று தோன்றியது. “பெரிய மெக்கானிக் மூளைட்டி ஒனக்கு” என்று அவளைப் பாராட்டினேன். காரைச் செங்கல் மேல் ஏற்றி, யாரையும் கூப்பிடாமல் நானே நாலு சக்கரத்துக்கும் மாட்டினேன்.

கோமதி அன்று காரில் ஏறினாள் மாப்ளே. நீர் போனதிலிருந்து அதன் கதவைக்கூடத் தொடாதவள், கும்பிட்டு வைத்த பிரேக் என்ற நம்பிக்கையில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டேஷன் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன். ரயில் வருகிற நேரம், கேட் சாத்தியிருந்தது. முன்னால் ஒரு வைக்கோல் வண்டி நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் கத்தவில்லை. நிற்கவும் இல்லை. வெண்ணெயை மிதித்த மாதிரி கால் உள்ளே போகிறது, வண்டி முன்னால் போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் அதே எண்ணெயில் குளித்த ஷூதானே. கியரை இறக்கி, எஞ்சின் முனகி, கடைசியில் வைக்கோலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

வண்டிக்காரர் இறங்கி வந்து பானெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன வே, எம் மாட்டுக்கு வச்ச வைக்கோலுக்கு ஒம்ம காரும் போட்டிக்கு வருதோ?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தோள் குலுங்கச் சிரிக்கிறாள். எத்தனை மாதம் கழித்து. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கேட் திறந்து, வைக்கோல் வண்டி போய், பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கிறவரை நான் முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாண்டில் மெக்கானிக் ரத்தினம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பிரேக் என்றால் உரசிப் பிடிக்க வேண்டும், அதற்குப் போய்த் தாளிக்க எண்ணெய் ஊற்றுவார்களா என்று கேட்டான். நெய்த லைனிங் என்பதால் திரி மாதிரி உறிஞ்சிவிட்டதாம். பெட்ரோலில் ஊறப்போட்டு, அடுப்பில் வாட்டி, திரும்ப மாட்டினான். கார் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

“அவசரப்படாதேயும். மேலதான் காஞ்சிருக்கு. நாலு தடவ மிதிச்சுச் சூடானா உள்ள கெடக்கிற எண்ணெ கசியும். அப்புறம் நீரு சாமியக் கும்பிட வேண்டியதுதான்” என்றான்.

கோமதியிடம் இன்னொரு செட்டுக்குக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. உம் அண்ணாச்சி அடுத்த தடவை வந்தபோது கூடவே ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கரிவலம்வந்தநல்லூர்க்காரர், மிளகாய் வியாபாரி. வீட்டில் பேரப்பிள்ளைகள் நிறைய, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கோயில் குளம் போக ஒரு கார் வேண்டுமாம். தெருவில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். ஆறிக் கிடந்த பிரேக், மிதித்த இடத்தில் நின்றது. உம் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ‘நீர் வாயைத் திறக்காதேயும்’ என்று சொல்லிவைத்திருந்தார்.

கரிவலத்தார் இறங்கி வந்து என்னைப் பார்த்தே கேட்டார். “நீருதான ஓட்டுதீரு. பிரேக் எப்படி வே?”

மாப்ளே, நான் எதற்குத்தான் கூட்டிச் சொல்லவில்லை? இந்தக் கார் ஒரு பாட்டில் பெட்ரோலில் கன்னியாகுமரி போனதாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அப்படி ஒன்றைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் பின் சீட்டுக் கதவைத் திறந்து, பிள்ளைகள் எத்தனை பேர் உட்காரலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தார்.

“பிடிக்காது அண்ணாச்சி. சூடானா பிடிக்காது” என்றேன்.

அவர் சிரித்தார். “ஒம்மப் பத்திச் சொல்லித்தான் அனுப்புனாவ. நீரு சொல்லுததுல பாதியக் கழிக்கணுமாமே.”

“இதுல கழிக்க ஒண்ணுமில்ல.”

“விக்க மனசில்லாம கத கட்டுதான்” என்றார் உம் அண்ணாச்சி. தெருவில் நின்றவர்களும் சிரித்தார்கள். ரத்தினம் அன்று தென்காசிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தான். கோமதி வாசலுக்கு வந்து, தான் எண்ணெய் தடவியதைச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்துச் சொல்கிறாள் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். நீர் பக்கத்தில் நின்றிருந்தால் ஒரு ‘ம்’ போதும். அன்றைக்கு நான் தேடிய மாதிரி உம்மை என்றைக்கும் தேடவில்லை.

சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றேன். கண்ணாலேயே பார்க்கட்டும் என்று கரிவலத்தாரை மட்டும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் போனேன். இரண்டு பக்கமும் வெறும் கரிசல், ஆள் நடமாட்டம் இல்லை. ஓட்டுகிறேன், மிதிக்கிறேன், ஓட்டுகிறேன், மிதிக்கிறேன். முதலில் நன்றாகத்தான் நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது, அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் புளிய மரத்துக்கிட்ட நிறுத்துதேன், பாரும்” என்று மிதித்தேன். மரம் எங்களைத் தாண்டிப் பின்னால் போனது. அதற்கு அடுத்த மரமும் போனது. கியரை இறக்கி, ஓரத்து மண்ணில் இறக்கித்தான் நிறுத்தினேன்.

அவர் வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். “ஏன் வே சொன்னீரு? நா வாங்கிட்டுப் போயிருப்பேன்லா.”

“சங்கரலிங்கம் ஓட்டுன வண்டி அண்ணாச்சி” என்றேன்.

அதற்கு மேல் அவர் என்னிடம் விலை பேசவில்லை. புது லைனிங் போட்டுக் கொடும், எடுத்துக்கொள்கிறேன் என்று கோமதி கையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். காரியம் இப்படி ஆகிவிட்டது பாரும். அவர் என்னை நம்பியதால் கார் போய்விட்டது. நம்பாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். பொய் சொன்னால் கார் நம்மிடமே தங்கும் என்று இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

கோமதி அந்த முன்பணத்திலேயே எடுத்து, கம்பெனி லைனிங்கே வாங்கிவரச் சொன்னாள். விற்கிற வண்டிக்கு எதற்கு இத்தனை செலவு, பம்பருக்குப் பாலிஷ் போட்டால் போதும் என்றார் உம் அண்ணாச்சி. அவள் காசை எண்ணி என் கையில் வைத்தாள். திருநெல்வேலிக் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். பெட்டியை எடும் என்றேன். இந்த முறை தட்டிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. பெட்டியின் மேல் போட்டிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்து, நம் காருக்கு உள்ளதுதானா என்று இரண்டு தடவை கேட்டேன். ரிவெட் தலை லைனிங்குக்குள் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கோமதி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள். தொடவில்லை. ரத்தினம்தான் மாட்டினான். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். நான் இல்லாவிட்டால் அவனுக்கு வேலை ஓடியிருக்காது, அதையும் எழுதிவைக்கிறேன்.

கரிவலத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று கேட்காதேயும். அவர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்ததும் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். முன் சீட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவர் மகன் காரை எடுத்தான். தெரு முனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆடு நிதானமாகக் கடந்து போனது. பிறகு கார் திரும்பிவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். சங்கரன்கோவில் என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை மாப்ளே. நம்புவீரா?

கோமதி விளக்குப் பொருத்திவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

“நின்னுச்சா அண்ணே?”

“நின்னுச்சுட்டி.”

“நல்லா நின்னுச்சா?”

“நல்லா நின்னுச்சு.”

அவள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிற சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காரை இழந்துவிட்டேன் என்று திரிகிறேனே, இவள் தினமும் இந்தச் சத்தமில்லாமைக்குள்தானே உலை வைக்கிறாள்?

அதனால் உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்குக் காலும் நாக்கும் ஓடுகிறவரை, அந்திக்கு அவள் வாசலில் நான் போய் உட்காராத நாள் இருக்காது. அவள் தார் சுற்றட்டும், அரிசி புடைக்கட்டும், கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். நான் பேசிக்கொண்டிருப்பேன். நேற்றும் போனேன், இன்றும் போகப் போகிறேன். நேரமாகிவிட்டது, பேனாவை மூடுகிறேன்.

உம் மனைவிக்கு அண்ணன், உம் மகளுக்குத் தாய்மாமன், உமக்கு என்றும் மச்சான்,
சுப்பையா